ஆள் குறையும் ஊரும் ஆள் வரும் ஊரும்: மக்கள்தொகை, இடம்பெயர்வு, வளர்ச்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூர், கோவை, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எந்த டீக்கடையில் நின்றாலும் இரண்டு பேச்சு காதில் விழும். ஒன்று, "எங்க பார்த்தாலும் வடக்கத்திக்காரங்கதான்." இன்னொன்று, "நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களே இல்ல." இந்த இரண்டும் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை. தமிழ்நாட்டில் பிறப்பு குறைந்ததும், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஆள் வருவதும், நம் பிள்ளைகள் சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் போவதும் சேர்ந்துதான் அடுத்த இருபது ஆண்டில் நம் வருமானம் எப்படி இருக்கும் என்பதைத் தீர்மானிக்கப் போகின்றன. இதுபற்றி மக்கள் கேட்கும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த வரையில் பதில் எழுதியிருக்கிறேன்.

மக்கள்தொகை பெருகினால் நாடு வளருமா, ஏழையாகுமா?

இரண்டுக்கும் உதாரணம் இருக்கிறது. 1798-ல் இங்கிலாந்தின் மால்தஸ், மக்கள் பெருகும் வேகத்துக்கு உணவு பெருகாது, முடிவு பஞ்சம்தான் என்று வாதிட்டார். அப்போது உலகத்தில் சுமார் 100 கோடிப் பேர். இன்று 800 கோடிக்கு மேல். ஆனாலும் சராசரி மனிதன் அன்றைவிட நன்றாகச் சாப்பிடுகிறான், கூடுதல் காலம் வாழ்கிறான். மால்தஸ் கணக்கில் சேர்க்காதது விதை, உரம், நீராவி, மின்சாரம், படிப்பு எல்லாவற்றையும்.

அதற்காக ஆள் கூடினாலே வளர்ச்சி என்றும் சொல்ல முடியாது. ஒரு மாநிலத்தின் மொத்த வருமானம் என்பது எத்தனை பேர் உழைக்கிறார்கள், ஒவ்வொருவரும் எவ்வளவு உற்பத்தி செய்கிறார்கள் என்ற இரண்டின் பெருக்கல். ஆள் கூடினால் மொத்தம் கூடும். ஆனால் உங்கள் பையில் வரும் பணம் கூடுவதற்கு, தலைக்கு எவ்வளவு என்ற கணக்கு கூட வேண்டும். அரசியல் மேடையில் "பொருளாதாரம் இத்தனை லட்சம் கோடி" என்று சொல்லும்போது இந்த வித்தியாசம் காணாமல் போய்விடும். யாராவது வளர்ச்சி என்று சொன்னால், மொத்தமா, தலைக்கா என்று முதலில் கேளுங்கள்.

'மக்கள்தொகை ஈவு' என்கிறார்களே, அது என்ன?

ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு பேரில் அப்பா மட்டும் சம்பாதிக்கிறார், நான்கும் சிறு பிள்ளைகள். வருவதெல்லாம் சோற்றுக்கும் நோட்டுப் புத்தகத்துக்கும் போய்விடும். பதினைந்து வருடம் கழித்து நான்கு பிள்ளைகளும் வேலைக்குப் போகிறார்கள், அவர்களுக்கு ஆளுக்கு ஒரு குழந்தைதான். இப்போது சம்பாதிப்பவர் அதிகம், உட்கார்ந்து சாப்பிடுபவர் குறைவு. கையில் மிச்சம் நிற்கும். வீடு கட்டலாம், கடை போடலாம். பிறப்பு வேகமாகக் குறையும் சமூகத்துக்கு இப்படி முப்பது, நாற்பது வருடம் கிடைக்கிறது. அதைத்தான் மக்கள்தொகை ஈவு என்கிறார்கள். தென்கொரியா, தைவான், சிங்கப்பூர் ஆகியவை 1960களிலிருந்து எழுந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று பொருளாதார வல்லுநர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

ஆனால் அந்த நான்கு பிள்ளைகளுக்கும் படிப்பும் வேலையும் கிடைத்திருக்க வேண்டும். கிடைக்காவிட்டால் அதே வீட்டில் நான்கு வேலையில்லாப் பட்டதாரிகள்தான் மிஞ்சுவார்கள். வயது அமைப்பு ஒரு வாய்ப்பைத் தரும். அதைப் பணமாக்குவது பள்ளிக்கூடமும் தொழிற்சாலையும்தான்.

தமிழ்நாட்டில் பிறப்பு எவ்வளவு குறைந்திருக்கிறது?

ஒரு தலைமுறை அடுத்த தலைமுறையால் சரியாக ஈடுசெய்யப்பட வேண்டுமானால் பெண் ஒருவருக்குச் சராசரியாக 2.1 குழந்தை பிறக்க வேண்டும். தமிழ்நாடு 1990களிலேயே அந்த அளவைத் தொட்டு, அதன் பிறகு கீழே போய்விட்டது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 1.8, இந்தியாவில் 2.0, பீகாரில் 3.0. தேர்ந்தெடுத்த மாதிரிப் பகுதிகளில் பிறப்பு இறப்பைத் தொடர்ந்து கணக்கெடுக்கும் மாதிரிப் பதிவு ஆய்வு 2020-ல் தமிழ்நாட்டுக்குக் கொடுத்த எண் அதைவிடக் குறைவு, 1.4. எந்தக் கணக்கை எடுத்தாலும் நாம் ஐரோப்பிய நாடுகளின் வரிசையில் இருக்கிறோம்.

இதன் விளைவை நேரில் பார்க்க வேண்டுமானால் கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளைப் பாருங்கள். 2025-ல் 200-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் ஒரு குழந்தைகூடச் சேரவில்லை. தனியார் பள்ளி மோகம் ஒரு காரணம்தான். ஆனால் சேர்ப்பதற்கு அந்தக் குக்கிராமத்தில் குழந்தையே இல்லை என்பதும் காரணம்.

எப்படி இவ்வளவு சீக்கிரம் குறைந்தது? கட்டாயக் கருத்தடையா?

"நாம் இருவர் நமக்கு இருவர்" என்று லாரியின் பின்னாலும் சுவரிலும் எழுதியதற்குப் பங்கு உண்டு. நெருக்கடி நிலைக் காலத்து அத்துமீறல்களும் உண்மை. ஆனால் பிரச்சாரம் நாடு முழுக்க நடந்தது, பலன் எல்லா மாநிலத்திலும் ஒரே மாதிரி வரவில்லை. என் பார்வையில் தமிழ்நாட்டைப் பிரித்துக் காட்டுபவை மூன்று. பெரியார் 1930களிலேயே கருத்தடையைப் பெண்ணின் விடுதலை விஷயமாகப் பேசினார். அது இங்கே பாவமாகப் பார்க்கப்படாமல் போனதற்கு அந்தப் பேச்சு வழிவிட்டது. அடுத்து, காமராஜர் காலத்திலிருந்து பள்ளிகள் ஊர் ஊராகப் பரவின, 1982-ல் சத்துணவு விரிந்தது, பெண் குழந்தைகள் பள்ளியில் தங்கினார்கள். மூன்றாவது ஆரம்ப சுகாதார நிலையமும் கிராம செவிலியரும். பிறந்த குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்த பிறகு நான்கைந்து பெற்றுக்கொள்ள வேண்டிய அவசியம் தாய்க்கு இல்லை.

இதை நம் சமூகம் செய்த மிகப் பெரிய காரியங்களில் ஒன்றாகவே நான் நினைக்கிறேன். இன்று "ஆள் குறைந்துவிட்டதே" என்று வருத்தப்படுபவர்கள், அது எதனால் குறைந்தது என்பதையும் கூடவே சொல்ல வேண்டும்.

அதனால் நமக்கு லாபம் கிடைத்ததா?

கிடைத்தது. 2011 கணக்கெடுப்பில் நம் மக்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் 15 முதல் 59 வயதுக்காரர்கள். ஒன்றிரண்டு பிள்ளைகள் என்பதால் கூலி வேலை செய்யும் குடும்பம்கூடக் கல்லூரிக்கு அனுப்ப முடிந்தது. 2021-22 கணக்குப்படி உயர்கல்வியில் சேருவோர் விகிதம் இங்கே 47 சதவீதம், அகில இந்திய அளவில் 28 சதவீதம்தான். இந்தியாவிலேயே அதிகத் தொழிற்சாலைகள் இருக்கும் மாநிலம் இது. நாட்டின் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் பத்துக்கு நான்கு பேருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூர் வல்லம் வடகாலில், ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் கம்பெனியில் வேலை செய்யும் பெண்களுக்காக 18,720 படுக்கை கொண்ட விடுதி 2024-ல் திறக்கப்பட்டதே, தர்மபுரியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் வந்து தங்கிச் சம்பாதிக்கும் இருபது வயதுப் பெண்கள் இல்லாமல் அது நடந்திருக்காது. இருபத்தைந்து வயதுக்குள் மூன்று குழந்தை என்று இருந்திருந்தால் அந்தப் பெண்கள் அந்த வேலையில் இருக்க முடியாது.

பிறப்பு குறைவதால் வளர்ச்சிக்கு வரும் லாபத்தில் பெரிய பங்கு பெண்கள் வழியாகத்தான் வருகிறது. இதைப் பலர் கவனிப்பதில்லை.

அப்படியானால் கவலை எதற்கு? இந்த வாய்ப்பு எப்போது முடியும்?

முடிய ஆரம்பித்துவிட்டது. 2011-ல் தமிழ்நாட்டில் பத்துப் பேரில் ஒருவர் 60 வயதைத் தாண்டியவர். அரசு அமைத்த மக்கள்தொகைக் கணிப்புக் குழுவின்படி 2036-ல் அது 20.8 சதவீதம், அதாவது ஐந்தில் ஒருவர். அப்போது இந்தியச் சராசரி சுமார் 15 சதவீதம்தான் இருக்கும். கேரளம் மட்டும் நமக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கிறது. வெளியிலிருந்து ஆள் வராவிட்டால் 2031-41 பத்தாண்டில் தமிழ்நாட்டின் மக்கள்தொகையே சரியத் தொடங்கும் என்று மத்திய அரசின் 2018-19 பொருளாதார ஆய்வறிக்கை கணித்தது. அந்த "வெளியிலிருந்து ஆள் வராவிட்டால்" என்ற நிபந்தனையை மனதில் வையுங்கள், கீழே வருகிறது.

முதியவர்கள் பெருகினால் வளர்ச்சி நின்றுவிடுமா? ஜப்பான் நன்றாகத்தானே இருக்கிறது?

ஜப்பானின் மக்கள்தொகை 2008 வாக்கில் உச்சத்தைத் தொட்டு அதன் பின் இறங்குகிறது. மொத்த வளர்ச்சி மிகவும் மெதுவாகிவிட்டது. ஆனாலும் அங்கே வாழ்க்கைத் தரம் சரிந்துவிடவில்லை, ஏனென்றால் முதுமை வருவதற்கு முன்பே ஜப்பான் பணக்கார நாடாகிவிட்டது. ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, இயந்திரங்கள் எல்லாம் இருந்தன.

நமக்கு அப்படியில்லை. நம் முதியவர்களில் பெரும்பாலோர் விவசாயக் கூலி, கொத்து வேலை, தறி, பீடி, வீட்டு வேலை செய்தவர்கள். பி.எஃப். கிடையாது, கிராஜுவிட்டி கிடையாது. முதியோர் உதவித்தொகையைத் தமிழக அரசு 2023-ல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தியது. இதில் 60 முதல் 79 வயது வரையுள்ளவருக்கு மத்திய அரசின் பங்கு 200 ரூபாய். இருநூறு ரூபாயில் ஒரு மாத இரத்த அழுத்த மாத்திரை வாங்க முடியுமா என்பதை வாசிப்பவர்களே சொல்லலாம்.

இதனால் வளர்ச்சிக்கு என்ன ஆகும் என்றால், மூன்று வழியில் இழுக்கும். உழைக்கும் ஆட்களின் பங்கு குறையும். சேமிப்பு கரையும், ஏனென்றால் வயதானவர்கள் சேர்த்ததை எடுத்துச் செலவழிக்கும் கட்டத்தில் இருப்பார்கள். அரசின் பணம் சாலையிலிருந்தும் கல்லூரியிலிருந்தும் மருந்துக்கும் ஓய்வூதியத்துக்கும் திரும்பும். அப்புறம் கணக்கில் வராத நான்காவது ஒன்று உண்டு: படுத்த படுக்கையாகும் மாமியாரையோ அப்பாவையோ பார்த்துக்கொள்ள வேலையை விடுவது கிட்டத்தட்ட எப்போதும் வீட்டுப் பெண்தான். குழந்தை குறைந்ததால் வேலைக்கு வந்த பெண்ணை, முதுமை திரும்ப வீட்டுக்குள் இழுத்துவிடும் ஆபத்து இருக்கிறது.

இதில் நம்பிக்கை தரும் விஷயம், 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' போன்றவை. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீடு தேடி வந்தால், பக்கவாதமும் சிறுநீரகக் கோளாறும் தள்ளிப்போகும். அறுபத்தைந்து வயதில் தன் காலில் நடக்கும் மனிதர் குடும்பத்துக்கும் மாநிலத்துக்கும் பாரமாவதில்லை, பலரும் வேலையே செய்வார்கள். முதுமைக்குத் தயாராவது என்பது நாற்பது வயதுக்காரரின் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதில் தொடங்குகிறது.

நிறையப் பிள்ளை பெற்றுக்கொள்ளச் சொன்னால் சரியாகிவிடாதா?

2024-ல் ஆந்திர, தமிழக முதலமைச்சர்களே மேடையில் அப்படிப் பேசினார்கள். ஆனால் பேச்சாலும் பரிசுத்தொகையாலும் பிறப்பை மேலே தூக்கிய நாடு அபூர்வம். சிங்கப்பூர் 1987-லிருந்து ஊக்கத்தொகை, வரிச்சலுகை, வீட்டு முன்னுரிமை என்று எல்லாம் கொடுத்துப் பார்த்தது. 2023-ல் அங்கே பெண் ஒருவருக்கு 0.97. தென்கொரியா ஏராளமாகச் செலவழித்தும் அதே ஆண்டில் 0.72-க்கு இறங்கியது.

இன்னொன்று, இன்று பிறக்கும் குழந்தை வேலைக்கு வர இருபது வருடமாகும். அதுவரை அந்தக் குழந்தையும் தாத்தாவும் இருவரும் உழைப்பவரின் தோளில்தான். ஒரு பெண் இரண்டாவது குழந்தை வேண்டும் என்று விரும்பியும் குழந்தைக் காப்பகம் இல்லாமலோ வேலை போய்விடும் என்ற பயத்தாலோ தள்ளிப்போடுகிறாள் என்றால், அந்தத் தடையை எடுப்பது நல்லது. அதை அவளுக்காகச் செய்ய வேண்டும். மாநிலத்துக்கு ஆள் வேண்டும் என்பதற்காக அவள்மேல் சுமையை ஏற்றுவதை நான் ஏற்கமாட்டேன்.

வடமாநிலத் தொழிலாளர்கள் எத்தனை பேர் இங்கே இருக்கிறார்கள்?

2015 வாக்கில் தொழிலாளர் துறை எடுத்த கணக்கில் பத்து லட்சத்துக்கும் மேல் வந்தது. அதன் பின் கூடியிருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிகிறது. ரயிலில் வருகிறவர்களுக்குப் பதிவேடு கிடையாது, தீபாவளிக்கும் சத் பூஜைக்கும் ஊருக்குப் போய்த் திரும்புவார்கள், வேறு மாநிலத்துக்கு மாறுவார்கள். நாடு முழுக்க மாநிலம் விட்டு மாநிலம் வேலைக்குப் போவோர் 2011-16 காலத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 90 லட்சம் என்று 2016-17 பொருளாதார ஆய்வறிக்கை ரயில் பயணிகள் கணக்கை வைத்து மதிப்பிட்டது.

நம்மாட்கள் ஏன் அந்த வேலைக்குப் போவதில்லை? சோம்பேறித்தனமா?

இந்தப் பேச்சை நான் வெறுக்கிறேன். நம் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தது, இருப்பவர்கள் படித்துவிட்டார்கள். டிப்ளமோ முடித்தவன் பனியன் கம்பெனியில் பன்னிரண்டு மணிநேரம் ஒன்றரை ஷிப்ட் நிற்கத் தயங்குவதில் என்ன தவறு? அவன் அப்பா அதைச் செய்ததே மகன் செய்யக்கூடாது என்பதற்காகத்தான்.

காலியான இடத்துக்கு ஆள் வருகிறார்கள். பீகாரின் தலைவருமானம் தமிழ்நாட்டின் தலைவருமானத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. அங்கே ஒரு வீட்டில் மூன்று பையன்கள், நிலமோ கால் ஏக்கர். இங்கே மெஷினில் உட்கார ஆள் இல்லை. ரயில் கட்டணம் இரண்டையும் இணைத்துவிடுகிறது. இன்று திருப்பூரில் ஓவர்லாக், பேட்லாக் தையல் மெஷினிலும், டெல்டாவில் நடவு வயலிலும், திருவள்ளூர் செங்கல் சூளையிலும், திருச்செங்கோட்டு போர்வெல் லாரியிலும், ஓட்டல் சமையலறையிலும் அவர்கள்தான். ஒவ்வொரு இடத்திலும் அவர்களை அழைத்தது ஒரு காலி இடம்.

அவர்கள் வந்ததால் நம் கூலி குறைந்துவிட்டதா?

இதுதான் எல்லோரும் உண்மையில் கேட்க விரும்பும் கேள்வி. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உலகத்தில் இதை ஆராய்ந்தவற்றில் மிகப் பிரபலமானது அமெரிக்காவின் மயாமி நகரம். 1980-ல் சில மாதங்களில் கியூபாவிலிருந்து 1,25,000 பேர் படகில் வந்து இறங்கினார்கள். நகரின் உழைப்பாளர் எண்ணிக்கை ஒரேயடியாக 7 சதவீதம் கூடியது. கூலி சரிந்திருக்க வேண்டும் அல்லவா? பொருளாதார வல்லுநர் டேவிட் கார்டு 1990-ல் வெளியிட்ட ஆய்வில், மயாமியின் கூலி மற்ற ஒத்த நகரங்களோடு ஒப்பிட்டால் குறையவில்லை என்று காட்டினார். வந்தவர்களும் சாப்பிட்டார்கள், வாடகை கொடுத்தார்கள், தொழில்களும் அதற்கேற்ப மாறின. கார்டுக்கு 2021-ல் நோபல் பரிசு கிடைத்தது. இன்னொரு பொருளாதார வல்லுநர் ஜார்ஜ் போர்ஹாஸ் பின்னர் அதே தரவை எடுத்து, பள்ளிப் படிப்பை முடிக்காத உள்ளூர்க்காரர்களின் கூலி விழுந்தது என்று வாதிட்டார். அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. ஆனால் இரண்டு தரப்பையும் சேர்த்துப் படித்தால் ஒன்று தெளிவாகும்: ஊருக்கு மொத்தமாகப் பெரிய நஷ்டமில்லை, ஆனால் அதே வேலையைச் செய்யும் ஏழைக்கு அடி விழக்கூடும்.

திருப்பூருக்கு வாருங்கள். ஆண்டுக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதியாகும் ஊர். தைக்க ஆள் இல்லையென்றால் அந்த ஆர்டர் வங்கதேசத்துக்கோ வியட்நாமுக்கோ போகும். போனால் தையல் வேலை மட்டும் போகாது. கட்டிங் மாஸ்டர், செக்கிங் பெண்கள், டையிங், பிரிண்டிங், எம்பிராய்டரி, லாரி, கம்பெனி வாசலில் இருக்கும் மெஸ் எல்லாம் சேர்ந்து போகும். மெஷினில் உட்காரும் பீகார் இளைஞர் பக்கத்து மேஜையில் இருக்கும் உள்ளூர்ப் பெண்ணின் வேலையையும் காப்பாற்றுகிறார். 2020-ல் இதை எல்லோரும் கண்ணால் பார்த்தோம். ஊரடங்கில் நடந்தும், மே மாதத்தில் சிறப்பு ரயில்களிலும் அவர்கள் ஊர் திரும்பினார்கள். கம்பெனிகள் திறந்த பிறகு ஆள் இல்லாமல் மெஷின்கள் நின்றன. பஸ் அனுப்பி அழைத்துவர வேண்டியிருந்தது.

ஆனால் கட்டிட வேலைக்குப் போகும் சித்தாளிடம் போய் "உனக்கு நஷ்டமில்லை" என்று சொல்ல எனக்கு மனம் வராது. அவருடைய புகார் நியாயமானது. ஏஜென்ட் மொத்தமாக இருபது பேரைக் கூட்டி வந்து, தகரக் கொட்டகையில் தங்கவைத்து, பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்காமல், ஞாயிற்றுக்கிழமையும் வேலை வாங்கினால், அந்த விலைக்கு உள்ளூர்க்காரரால் போட்டி போட முடியாது. அவருக்குக் குடும்பமும் வாடகையும் இங்கே இருக்கிறது. இங்கே கூலியைக் குறைப்பது சட்டத்தை மீறும் ஏற்பாடுதான். வந்தவருக்கும் அதே குறைந்தபட்சக் கூலி, அதே பிடித்தம், அதே ஓவர்டைம் என்று கறாராக அமல்படுத்தினால் மலிவு என்பதற்காக மட்டும் ஆள் பிடிக்கும் காரணம் போய்விடும். மாநிலம் விட்டு வரும் தொழிலாளருக்கான சட்டம் 1979-லேயே வந்தது. அதன்படி பதிவு செய்து கூட்டி வந்த ஒப்பந்தக்காரர்கள் மிகக் குறைவு. உள்ளூர் சித்தாளும் ஒடிசா தொழிலாளியும் ஒரே சங்கத்தில் இருக்க வேண்டியவர்கள்.

சம்பாதிக்கும் பணத்தையெல்லாம் ஊருக்கு அனுப்பிவிடுகிறார்களே, நமக்கு என்ன மிச்சம்?

அவர்கள் அனுப்புவது தங்கள் கூலியில் ஒரு பகுதி. அவர்கள் உழைப்பால் உருவான மதிப்பில் கூலி போக மீதி, அதாவது முதலாளியின் லாபம், வங்கிக்கு வட்டி, ஏற்றுமதி வருமானம் இங்கேதான் நிற்கிறது. அறை வாடகை, அரிசி, ரீசார்ஜ், சனிக்கிழமை இரவு கோழிக்கறி எல்லாம் உள்ளூர்க் கடைக்கு. ஜி.எஸ்.டி.யில் மாநிலத்துக்கான பங்கு, பொருள் எங்கே நுகரப்படுகிறதோ அந்த மாநிலத்துக்குப் போகும். எனவே அவர்கள் இங்கே செலவழித்தால் நமக்கு வரி.

பணம் வெளியே போவது உறுத்தினால், அதற்கு ஒரே வழி குடும்பத்தோடு இங்கே குடியேற விடுவது. மனைவியும் பிள்ளைகளும் பெருமாநல்லூரில் இருந்தால் பணம் ஏன் பாட்னாவுக்குப் போகப்போகிறது?

இதில் யோசிக்க வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. இருபது வயதுவரை ஒருவரை வளர்த்து ஆளாக்கும் செலவைப் பீகாரின் தாயும் பீகாரின் அரசும் ஏற்றன. உழைக்கும் வயதில் அவர் நமக்குக் கிடைக்கிறார். கணக்குப் போட்டால் ஏழை மாநிலம் நமக்குத் தரும் மானியம் இது.

அப்படியென்றால் பீகாருக்கு நஷ்டமா?

இரண்டும் கலந்தது. வரும் பணத்தில் ஓடு மாறிக் காங்கிரீட் ஆகிறது, கடன் அடைகிறது, தங்கை பள்ளிக்குப் போகிறாள். ஆனால் துடிப்பான ஆண்கள் எல்லாம் வெளியே இருந்தால் உள்ளூரில் தொழில் தொடங்க யாரும் இல்லை. பணம் அனுப்பி ஒரு மாநிலம் பசியைத் தாண்டலாம், தொழில் மாநிலமாக மாறுவது அரிது. கேரளமே பல காலம் இந்தக் குழப்பத்தில் இருந்தது.

நம் ஆட்களும்தானே வெளிநாடு போகிறார்கள்? அதில் வளர்ச்சி உண்டா?

நிச்சயமாக. 2015-ல் எடுத்த தமிழ்நாடு இடம்பெயர்வு ஆய்வின்படி சுமார் 22 லட்சம் தமிழ்நாட்டுக்காரர்கள் வெளிநாட்டில் இருந்தார்கள். சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம், சவூதி, அமெரிக்கா முன்னணியில். ரிசர்வ் வங்கியின் 2023-24 ஆய்வில் இந்தியாவுக்கு வரும் வெளிநாட்டுப் பணத்தில் தமிழ்நாட்டின் பங்கு சுமார் 10 சதவீதம், மகாராஷ்டிரத்துக்கும் கேரளத்துக்கும் அடுத்து. ராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டை, குமரி மாவட்டங்களில் தொழிற்சாலை குறைவாக இருந்தும் கடைத்தெரு கலகலப்பாக இருப்பதற்கு இந்தப் பணம்தான் காரணம்.

இது நமக்குப் பழைய பழக்கம். பர்மாவில் வட்டிக்கடை வைத்துச் சம்பாதித்த பணம் காரைக்குடிப் பக்கம் மாளிகைகளாக எழுந்தது. அதே காலத்தில் கங்காணிகள் கூட்டிப்போன ஏழைகள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலும் மலாயா ரப்பர் தோட்டத்திலும் லயங்களில் கிடந்தார்கள். 1964-ன் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கையில் இருந்தவர்களில் பல லட்சம் பேரை, தலைமுறைகளாக வாழ்ந்த மண்ணிலிருந்து திருப்பி அனுப்ப முடிவு செய்தது. ஒரு நாட்டின் ஏற்றுமதியை உழைத்து உருவாக்கியவர்களுக்குக் குடியுரிமை மறுக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதை உலகத்தில் வேறு யாரைவிடவும் நாம் நன்றாக அறிந்தவர்கள். வடக்கிலிருந்து வந்தவரைப் பற்றிப் பேசும்போது அது நம் நினைவில் இருக்க வேண்டும்.

மக்கள்தொகை குறைந்ததால் நமக்கு நிதியும் தொகுதியும் குறையும் என்கிறார்களே?

1976-ல் 42-வது அரசியல் சட்டத் திருத்தம் மக்களவைத் தொகுதிப் பங்கீட்டை 1971 கணக்கோடு உறையவைத்தது, குடும்பக் கட்டுப்பாட்டில் முன்னேறிய மாநிலம் தண்டிக்கப்படக் கூடாது என்பதற்காக. பின்னர் 84-வது திருத்தம் அதை 2026-க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. அதற்கு முன்பே 1967-ல் தமிழ்நாடு 41 இடங்களிலிருந்து 39-க்கு இறங்கியது நினைவிருக்கட்டும். நிதியிலும் இதே இழுபறி. மத்திய வரியை மாநிலங்களுக்குப் பங்கிடும் வழியைச் சொல்லும் 15-வது நிதிக்குழு 1971 கணக்கை விட்டு 2011 கணக்குக்கு மாறியது. அதன் பாதிப்பை ஈடுகட்ட, பிறப்பைக் குறைத்த மாநிலங்களுக்கு 12.5 சதவீத மதிப்பு தனியே கொடுத்தது. தமிழ்நாட்டின் பங்கு 4.079 சதவீதத்தில் நின்றது.

ஏழை மாநிலத்துக்குக் கூடுதல் பணம் போக வேண்டும் என்பதை நான் ஏற்கிறேன். அங்கே நல்ல பள்ளி வந்தால், நாளை இங்கே வரும் இளைஞரும் படித்தவராக வருவார். ஆனால் முதியோர் பெருகும் மாநிலத்தின் செலவும் அந்தக் கணக்கில் வர வேண்டும். குரலையும் குறைத்து, செலவையும் நம் தலையில் வைத்தால் அது அநியாயம்.

வருகிறவர்களுக்கு இங்கே என்ன செய்ய வேண்டும்?

2020 அக்டோபரில் ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தமிழ்நாடு சேர்ந்தது, எனவே பீகார் அட்டைக்கு இங்கே அரிசி வாங்கலாம். தெரிந்தவர்கள் குறைவு, கடைக்காரரும் தொழிலாளியும் பேசிக்கொள்ள மொழி இல்லை. கேரளம் 2017-ல் 'ஆவாஸ்' என்ற காப்பீட்டைத் தொடங்கி வெளிமாநிலத் தொழிலாளரைப் பதிவு செய்தது. நாமும் அதைச் செய்யலாம்.

முதல் தேவை வீடு. ஒரே அறையில் எட்டுப் பேர் என்ற நிலையில் யாரும் குடும்பத்தைக் கூட்டி வரமாட்டார்கள். பெண்களுக்குத் 'தோழி' விடுதிகள் கட்டியதைப் போலத் தொழில் நகரங்களில் வாடகைக் குடியிருப்பு வேண்டும். அடுத்தது பள்ளி. மாணவர் இல்லாமல் மூடப்படும் நிலையில் உள்ள அரசுப் பள்ளிகளும், சூளை ஓரத்தில் படிக்காமல் நிற்கும் ஒடிசாக் குழந்தைகளும் ஒரே மாவட்டத்தில் இருப்பதை என்னால் சகிக்க முடியவில்லை. அந்தக் குழந்தைகள் சேர்ந்து தமிழ் கற்றுக்கொண்டால், 2040-ல் அவர்கள் இந்த மாநிலத்தின் செவிலியர், எலக்ட்ரீசியன், வரி கட்டுபவர். மூன்றாவது பாதுகாப்பு. 2023 மார்ச்சில் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்யான வீடியோக்கள் பரவியபோது பலர் பயந்து கிளம்பினார்கள், பீகார் அரசு அதிகாரிகள் குழுவே நேரில் வந்து பார்த்தது. ஒரு வதந்தி சில நாட்களில் தொழில் நகரத்தையே ஆட்டிவைக்க முடிகிறதென்றால், அவர்களுக்கு இங்கே இன்னும் வேர் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

அடுத்த கணக்கெடுப்பில் எதைப் பார்க்க வேண்டும்?

2021-ல் நடக்க வேண்டியது தள்ளிப்போய், 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாக வைத்து எடுக்க அறிவிக்கப்பட்டது. எண்கள் வெளியானதும் எல்லோரும் மொத்தத் தொகையைத்தான் தேடுவார்கள். நீங்கள் மூன்றைத் தேடுங்கள். ஒன்று, உங்கள் மாவட்டத்தில் 60 வயதைத் தாண்டியவர் பங்கு. அதில் தனியாக வாழும் பெண்கள் எத்தனை. இரண்டு, வேலைக்காக வேறு மாநிலத்திலிருந்து வந்தவர்களில் எத்தனை பேர் ஐந்து ஆண்டுக்கு மேல் தங்கியிருக்கிறார்கள், குடும்பத்தோடு இருக்கிறார்களா என்பது. மூன்று, 20 முதல் 40 வயதுப் பெண்களில் சம்பளத்துக்கு வேலை செய்வோர் எத்தனை.

கணக்கெடுப்பாளர் வரும்போது உங்கள் காம்பவுண்டில் வாடகைக்கு இருக்கும் வெளிமாநிலத் தொழிலாளர்களையும் இங்கே வசிப்பவர்களாகவே எழுதச் சொல்லுங்கள். மாநிலத்தின் மக்கள்தொகைக் கணக்கில் அவர்கள் சேர்வது நமக்கும் நல்லது. அவர்களில் பலர் அந்த நேரத்தில் இரவு ஷிப்டில் இருப்பார்கள், கதவு பூட்டியிருக்கும். எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற விவரத்தை வீட்டு உரிமையாளர் கையில் வைத்திருந்தால் யாரும் விட்டுப்போகமாட்டார்கள்.